பைக்குக்கு இன்ஜின் ஆயில் ஊற்ற ஒரு நல்ல அளவு ஜக்

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜக் இது. அளவுக் கோடுகள் அச்சிலேயே புடைத்திருக்கின்றன, துடைத்துத் துடைத்து அழியாது. மூக்கு நீளம், என் ஸ்ப்ளெண்டருக்குப் புனலே வேண்டியதில்லை. ஒவ்வொரு 50 மில்லிக்கும் கோடு போட்டிருக்கலாம், ஒவ்வொரு 100க்குத்தான் இருக்கிறது.

900 மில்லி டப்பாவை அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். மேனுவலில் ஆயில் வடித்தபின் ஊற்ற ஓர் அளவு, இன்ஜினைப் பிரித்தபின் ஊற்ற ஓர் அளவு என்று இருக்கும், நமக்கு முதலாவதுதான். கொஞ்சம் குறைவாக ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் சிறிது நேரம் விட்டு, ஆயில் மட்டம் காட்டும் குச்சியைத் துடைத்து, திருகாமல் செருகிப் பாருங்கள். அப்புறம் சிறுகச் சிறுக. கூடினால் நுரைக்கும், குறைந்தால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் சூடேறித் தவிக்கும். ஜக்குக்கு மூடி கிடையாது, தூசி படியாமல் கவிழ்த்து வையுங்கள்.