பெங்களூரில் அகதிக் குடும்பங்களுக்கான மனநலத் துணைக்குழு: ஒரு மதிப்புரை

இடப்பெயர்வைத் தாமே அனுபவித்த பெண்கள் பெங்களூரின் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்காக நடத்தும் இந்த வாராந்தரக் குழுவுக்கு என் மாமியுடன் சென்று வருகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட, மருத்துவர் அல்லாதோரும் பயிற்சி பெற்று ஐந்து அமர்வுகளில் வழங்கக்கூடிய முறையை அவர்கள் பின்பற்றுகிறார்கள். மூச்சுப் பயிற்சியும், கைவிட்ட அன்றாட வேலைகளைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்குவதும் அதில் அடங்கும்.

காணாமற்போன மகனைப் பற்றி எந்த மருத்துவரிடமும் வாய் திறக்காத மாமி, அதே துயரைச் சுமக்கும் இன்னொரு தாயிடம் பேசினார் என்பதே, என் பார்வையில், இக்குழுவின் பெரும் பலம். ஆனால் எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய சமூகத்தில், பேசியது வெளியே போகாது என்ற உறுதியை முதல் நாளில் மட்டும் அளிப்பது போதாது. ஆண்களும் அரிதாகவே வருகிறார்கள்.

தற்கொலை எண்ணம் தெரிந்தால் தாமே கையாளாமல் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்கிறார்கள். இரவு நேரத்துக்கு, தமிழிலும் பேசக்கூடிய, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண்ணான 14416ஐத் தருகிறார்கள்.