சப்-இன்டர்ஃபேஸா, லேயர் 3 ஸ்விட்ச்சா? ஒரு புதுச்சேரி விடுதிக் கணக்கு

ஒயிட் டவுன் பக்கம் நடுத்தர விடுதி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் வைஃபை, பில்லிங், ஐபி போன், கேமரா என நாலு வீலேன் (ஒரே ஸ்விட்ச்சில் தனித்தனியாகப் பிரித்த வலைப்பின்னல்கள்). இவற்றுக்கு நடுவே ரூட்டிங்கை, அதாவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கடத்தும் வேலையை, யாரிடம் கொடுப்பது? ரவுட்டரிடமா, ரூட்டிங்கும் செய்யத் தெரிந்த லேயர் 3 ஸ்விட்ச்சிடமா?

செலவில்லாத வழி, ரவுட்டரில் சப்-இன்டர்ஃபேஸ், அதாவது ஒரே போர்ட்டைப் பல போர்ட் போலப் பிரிப்பது. ஸ்விட்ச்சிலிருந்து ஒரே கேபிள். ஸ்விட்ச்சின் அந்தப் போர்ட்டை ட்ரங்க் (எல்லா வீலேனையும் சுமக்கும் போர்ட்) ஆக்கி, ரவுட்டரில் 0/0.10, 0/0.20 என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் 'என்காப்சுலேஷன் டாட்1க்யூ' கட்டளை, கூடவே வீலேன் எண், பிறகு ஐபி. ஃப்ரேமில் இருக்கும் 4 பைட் டேகை (வீலேன் எண் தாங்கிய அடையாளம்) பார்த்து ரவுட்டர் பிரித்துக்கொள்ளும். (தாய் போர்ட்டுக்கு 'நோ ஷட்டவுன்' என்ற இயக்கும் கட்டளையைக் கொடுக்காமல் மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.)

குறை என்னவென்றால், வீலேன் விட்டு வீலேன் போகும் பாக்கெட் அதே கேபிளில் ஏறி அதே கேபிளில் இறங்கும். 32 கேமரா, தலைக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் 128. பழைய ரவுட்டரின் 100 எம்பிபிஎஸ் போர்ட் தாங்காது. அதற்காக உடனே லேயர் 3 ஸ்விட்ச் வாங்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேமராப் படத்தைப் பதிவு செய்யும் என்விஆர் பெட்டியையும் கேமரா வீலேனிலேயே வைத்தால் பதிவுக்கு ரூட்டிங்கே வேண்டாம்.

லேயர் 3 ஸ்விட்ச்சில் 'இன்டர்ஃபேஸ் வீலேன் 20' என்று எஸ்விஐ (ஸ்விட்ச்சுக்குள்ளேயே அந்த வீலேனுக்கான ரூட்டிங் வாசல்) போடுகிறோம். ரூட்டிங்கைச் சிப்பே பார்த்துக்கொள்ளும், வேகம் அபாரம். 'ஐபி ரூட்டிங்' கட்டளையை மறக்கக் கூடாது, அந்த வீலேனில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இருக்க வேண்டும். கடலூர் சிப்காட் ஆலை மாதிரி, சர்வரும் பயனர்களும் உள்ளேயே இருக்கும் இடத்துக்கு இதுதான் சரி. விடுதியிலோ பெரும்பாலான டிராஃபிக் இணையத்துக்குத்தான் போகிறது. தவிர, பல லேயர் 3 ஸ்விட்ச்களில் நாட் (உள் முகவரியை இணைய முகவரியாக மாற்றும் வசதி) கிடையாது. ரவுட்டர் எப்படியும் வேண்டும்.

வேகக் கட்டுப்பாட்டில் என் ஓட்டு ரவுட்டருக்கே. சாதாரண ஸ்விட்ச்களில் கிடைப்பது பெரும்பாலும் போலீசிங்: அளவு மீறிய பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும், டிசிபி மறுபடி அனுப்பும். ஷேப்பிங் அப்படியில்லை, வரிசையில் நிறுத்தி மெதுவாக விடும். விருந்தினர் சப்-இன்டர்ஃபேஸின் வெளியேறும் திசையில் ஷேப் செய்தால், வார இறுதிக் கூட்டத்தில் வீடியோ ஓடினாலும் பில்லிங்குக்கு இடம் மிஞ்சும். எஸ்விஐ முறையில் ரவுட்டருக்கு வீலேன் தெரியாது. ஐபி முகவரியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் ஏசிஎல் (யார் எங்கே போகலாம் என்ற அனுமதிப் பட்டியல்) போடாவிட்டால் விருந்தினர் லேப்டாப் பில்லிங் கம்ப்யூட்டரை எட்டிப்பார்க்கும். போன் குரலுக்கு டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் எண்) 46, முன்னுரிமை க்யூ. போன் இருக்கும் போர்ட்டில் மட்டும் அந்த மார்க்கிங்கை நம்புங்கள். வைஃபையிலிருந்து வருவதை ஸ்விட்ச்சிலேயே 0 ஆக்கிவிடுங்கள்.