யாருக்கு என்று கேட்டுத் தரும் தைலக்கடை

கோத்தகிரியில் தைலக்கடைக்குப் பஞ்சமில்லை. சில கடைகளின் பலகையை நம்பினால் ஆஸ்துமா முதல் சர்க்கரை வரை எல்லாமே குணமாகிவிடும். நான் சொல்வது மார்க்கெட்டுக்குக் கீழே படி இறங்கிப் போகிற ஒரு சின்னக் கடையை. அதன் பலகையில் எண்ணெய்களின் பெயரும் விலையும் மட்டும்தான் இருக்கும்.

மகள் கைக்குழந்தையோடு கோவையிலிருந்து வந்திருந்தாள். குழந்தைக்கு மூக்கடைப்பு. "மூக்குக்குக் கீழே ரெண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் தடவு, உன்னை அப்படித்தான் வளர்த்தேன்" என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் சாமியைக் கேள்வி கேட்டாலும் கேட்கலாம், தைலத்தைக் கேட்க முடியாது.

கடைக்காரர் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே "யாருக்குக்கா?" என்றார். சொன்னேன். "கைக்குழந்தைக்குன்னா தரமாட்டேன்." மூக்குக்கிட்டே தடவினால் குழந்தைக்கு மூச்சு திணறலாம், வாய்க்குள் போனால் வலிப்புகூட வரலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கம்மா அந்தக் காலத்திலிருந்து தடவித்தான் எல்லாருக்கும் சளி போனது என்றேன். "தடவாம விட்ட பிள்ளைக்கு எத்தனை நாள்ல போச்சுக்கா?" என்று கேட்டார். அப்படி ஒரு பிள்ளை எங்கள் குடும்பத்தில் இருந்ததே இல்லை! சாதாரணச் சளி எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும். அந்தப் பெருமை முழுக்கத் தைலத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சரி, மூட்டுவலிக்கு விண்டர்கிரீன் தைலமாவது வாங்கலாம் என்றால் அதற்கும் ஒரு கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க யாராவது மாத்திரை சாப்பிடுகிறார்களா? என் வீட்டுக்காரர் சாப்பிடுகிறார். அந்தத் தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் வகையறாவாம், தோல் வழியாகவே உள்ளே போய் ரத்தக்கசிவை உண்டாக்கலாமாம். அதுவும் கிடைக்கவில்லை.

பழையதை எல்லாம் மறுக்கிறவரும் இல்லை அவர். கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது. அந்த நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அந்த மரம் கெட்ட காற்றைச் சுத்தம் செய்து மலேரியாக் காய்ச்சலை விரட்டும் என்று நம்பினார்கள். ரோம் பக்கத்துச் சதுப்பு நிலங்களில்கூட நட்டார்கள். மலேரியா பரவக் காரணம் கொசு என்று 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் துப்புக் கண்டபிறகு அந்தக் கதை அடங்கியது. ஆனால் கற்பூர மரம் ஊற்றை வற்றவைக்கும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது? ஊட்டி மண்வள ஆராய்ச்சி மையத்தார் கிளென்மார்கனில் ஓடைநீரை வருஷக்கணக்காக அளந்து பார்த்தார்கள். மரம் நட்ட பகுதியில் முதல் பத்து வருஷத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்திருந்தது. வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தவர் என்பதால் இது எங்களுக்கு மனப்பாடம். கடைக்காரருக்கும் தெரிந்திருந்ததுதான் ஆச்சரியம். கற்பூரத் தைலம் விற்றுக்கொண்டே அந்த மரத்தைத் திட்டுகிறார்!

சரக்கு எப்படி? நன்றாகவே இருக்கிறது. தாளில் ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் காய்ந்தது. அதற்காகச் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், டர்பன்டைன் கலந்தாலும் அப்படித்தான் காயும் என்று அவரே சொல்கிறார். ஆவி பிடிக்க எங்களுக்கு 100 மில்லி வாங்கினேன், 200 ரூபாய். பக்கத்துக் கடையைவிட அதிகம். மூக்குக்கு இதமாக இருக்கிறது, சளி அதன் பாட்டுக்கு இருக்கிறது.

குறை என்றால், மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு போனால் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது. பாட்டில் மூடியும் சரியில்லை, கைப்பை முழுக்கக் கசிந்துவிட்டது. வீட்டிலிருந்து நல்ல கண்ணாடி பாட்டில் கொண்டுபோனால் அதிலேயே ஊற்றித் தருகிறார். அம்மாவுக்கு அவர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. குழந்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது வெறும் உப்புத்தண்ணீர்ச் சொட்டு. அதற்கு எதற்கு டாக்டர் என்று இப்போது அவர்மேலும் கோபம்.