திருநீற்றுப் பச்சிலை என்று வாங்கிய நாய்த்துளசி

கடலூர்–புதுச்சேரி சாலையோர நாற்றுப்பண்ணை ஒன்றில், ‘திருநீற்றுப் பச்சிலை’ என்று எழுதிய அட்டையின் அருகிலிருந்து, நாற்று ஒன்று 30 ரூபாய் வீதம் நான்கு வாங்கி வந்தேன். மாடித் தொட்டிகளில் நட்டு அவை பூக்கத் தொடங்கியபோதுதான், இரண்டு மட்டுமே திருநீற்றுப் பச்சிலை என்பதும், மற்ற இரண்டும் எங்கள் தெருமுனைக் காலிமனையில் தானாகவே மண்டிக் கிடக்கும் நாய்த்துளசி என்பதும் புலப்பட்டன.

பண்ணைக்காரரை முழுவதுமாகக் குறை சொல்வதற்கில்லை. இரண்டும் துளசியின் பேரினமான ஓசிமத்தைச் சேர்ந்தவை. நான்கு பட்டைத் தண்டு, எதிரெதிர் இலை, அடுக்கடுக்கான பூங்கொத்து என எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இலையைக் கசக்கினால் ஐயம் தீர்ந்துவிடும். பேச்சுவழக்கில் துன்னூத்துப் பச்சிலை எனப்படும் முதலாவதன் இலை அகன்று, வழவழப்பாக, விபூதி மணத்தோடு சற்றே சோம்பின் இனிப்பும் கலந்து மணக்கிறது. கஞ்சாங்கோரை என்றும் அழைக்கப்படும் நாய்த்துளசியின் இலை சிறுத்துக் குறுகியது. அதன் பூக்களும் சிறியவை. என் தொட்டியில் வளர்ந்ததில் கற்பூரத்தை ஒத்த காரமான நெடியே மேலோங்கி இருந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இயல்பாக வளரும் இச்செடிக்கு, சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1755இல் ‘அமெரிக்கானம்’ என்று பெயர் வைத்துவிட்டதைப் பார்க்கும்போது, அட்டை மாறிப்போவது நம் ஊர்ப் பண்ணைகளுக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்று தோன்றுகிறது.

பயனில் திருநீற்றுப் பச்சிலையே மேல். கதம்பத்தில் வைத்துக் கட்ட அதுதான் ஏற்றது. நன்னாரி சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதையும் அதனுடையதே. நாய்த்துளசி விதையும் நீரில் ஊறி வழவழப்பாகிறது, ஆயினும் அள்ளிச் சேர்க்கும் உழைப்புக்கு ஈடாகவில்லை. புதுச்சேரி உணவகங்களில் பீட்சாவின்மேல் தூவும் பாசில் இலையும் திருநீற்றுப் பச்சிலையின் இனமே என்பதால், நம்முடையதைத் தக்காளியோடு சேர்த்துப் பார்த்தேன். சோம்பு வாசம் தக்காளியை அமுக்கிவிட்டது.

நாற்றுகளின் வேரும் மண்கலவையும் நன்றாக இருந்தன. நான்கில் ஒன்றும் பட்டுப்போகவில்லை. மறுமுறை சென்று கேட்டபோது, “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்று பண்ணைக்காரர் சொன்ன விடையைத்தான் ஏற்க முடியவில்லை. அங்கே வாங்குவோர் அட்டையைப் பாராமல், பணம் கொடுப்பதற்கு முன்பே ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிடுவது நல்லது. நாய்த்துளசி இரண்டையும் நான் பிடுங்கவில்லை. காய்ந்த கிளைகள் மாலையில் கொசுவுக்குப் புகை போட உதவுகின்றன. அதற்காக 60 ரூபாய் கொடுத்திருக்க மாட்டேன்.