எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர்ச் சோதனைப் பெட்டி: பள்ளிக்கு வாங்கலாமா?

வெளிநாட்டுப் பள்ளிகளுக்காகத் தயாரித்த சுற்றுச்சூழல் பாடப் பெட்டியை எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பள்ளிகளுக்கு வாங்கலாமா என்றால், வாங்கலாம். தண்ணீரில் போட்டு நிறம் பார்க்கும் சோதனை மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. கூடவே வரும் மதிப்பெண் அட்டையையும் கேள்வித்தாளையும் மட்டும் இங்கே அப்படியே பயன்படுத்தக் கூடாது.

ஆக்ஸிஜன் சோதனையில்தான் பிள்ளைகள் அதிகம் தவறுவார்கள். சின்னக் குப்பியைத் தண்ணீருக்குள் முழுக்க முக்கி, தளும்பத் தளும்ப நிரப்பி, இரண்டு மாத்திரை போட்டு மூட வேண்டும். நான்கு நிமிடம் கவிழ்த்துக் கவிழ்த்துக் கரைத்து, ஐந்து நிமிடம் விட்டு, நிறத்தை 0, 4, 8 (லிட்டருக்கு மில்லிகிராம்) என்ற அட்டையோடு ஒப்பிட வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு கூடிவிடும். கொட்டிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

8 வந்தால் 'மிக நன்று' என்கிறது அட்டை. குளிர்நாட்டு ஓடைக்கு அது சரி. நம் ஊரில் 30 டிகிரி சூட்டில் சுத்தமான நன்னீரிலேயே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரையும். கடல்நீரில் 6 சொச்சம். நல்ல தண்ணீரையும் பிள்ளைகள் 'சுமார்' என்று குறித்துவிடுவார்கள். பாசி மண்டிய தேங்கலோ மதியம் இரண்டு மணிக்கு 8 காட்டக்கூடும். அதே இடத்தில் விடியற்காலையில் மீன் மூச்சுத் திணறும். பிஎச் (அமில-கார அளவு) கதையும் அதுதான். 7-க்கு முழு மதிப்பெண். கடல்நீர் இயல்பாகவே 8-ஐ ஒட்டி இருக்கும்.

ஏத்தமா வத்தமா, அதாவது கடல்நீர் உள்ளே ஏறுகிறதா வெளியே வடிகிறதா என்று பெட்டி கேட்பதே இல்லை. ஏத்தத்தில் முகத்துவாரத்தில் எடுத்தது கடல்நீர். சுமார் ஆறு மணி நேரம் கழித்து வத்தத்தில் எடுத்தால் கொசஸ்தலையும் பக்கிங்ஹாம் கால்வாயும் கொண்டுவருவது. இரண்டையும் எடுத்து, நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். நேரத்தைக் குப்பத்தில் கேட்டாலே சொல்வார்கள். வெளிநாட்டுத் திட்டம் என்பதால் வரும் குறை இல்லை இது: பள்ளிப் பிள்ளைகள் சுற்றுச்சூழலை அளக்க 1995-இல் தொடங்கிய குளோப் என்ற வெளிநாட்டுத் திட்டம் உப்புநீர் அளவெடுக்கும்போது ஏற்ற இறக்க நேரத்தையும் குறிக்கச் சொல்கிறது.

தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்று பார்க்கும் கலங்கல் வட்டு, சேற்றையும் சாம்பலையும் பிரித்துக் காட்டாது. பாட்டிலை அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலில் உள்ளே வெற்றிடமான நுண்ணுருண்டைகள் உண்டு. மேலே வெளிறிய சாம்பல்நிறப் படலமாக மிதக்கும். சேறு அப்படி மிதக்காது. 2023 டிசம்பரில் பார்த்ததுபோல் எண்ணெய் படிந்திருந்தால் அன்று சோதனையே வேண்டாம், பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்துங்கள்.

பூச்சிப் படம் முழுக்க நன்னீர் ஓடைப் பூச்சிகள். கழிமுகத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, 'உயிரே இல்லை' என்று எழுதிவிடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில், பறி என்ற கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கும் இடம் அது! இறால், நண்டு, ஆளி, காக்கா ஆழி என்று நம் பட்டியலை எழுதி ஒட்டுங்கள். காக்கா ஆழி என்பது தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிப்பி வகை. சேற்றின் மேல் பாய்போலப் படர்ந்து, இறால் புதைய இடம் விடாமல் செய்கிறது. ஒரு சதுர அடிக்கு எத்தனை என்று எண்ணவைத்தால் அதுவே நல்ல பாடம்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் கேள்வித்தாளில்தான். 'பல் துலக்கும்போது குழாயை மூடுவாயா?' என்று ஒரு கேள்வி. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்து, சொம்பில் மொண்டு வாய் கொப்பளிக்கும் பிள்ளை 'இல்லை' என்று எழுதும், மதிப்பெண் பூஜ்யம். தண்ணீரை அளந்து செலவழிக்கும் வீட்டுக்கு அந்த மதிப்பெண் அநியாயம். 'ஒரு குடம் உன் வீட்டில் எதற்கெல்லாம் போகிறது?' என்று மாற்றுங்கள். வகுப்பில் தெலுங்கு, இந்தி பேசும் பிள்ளைகள் இருந்தால் வாயால் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. வகுப்பு முடிந்த மறுநாளே பின்-தேர்வு வைத்தால் டீச்சருக்குப் பிடித்த பதில்தான் வரும். இரண்டு மாதம் விட்டுக் கேளுங்கள்.

மாத்திரைகளை வெயிலில் வைக்காதீர்கள், தாள் பிரித்தால் அன்றே தீர்த்துவிடுங்கள். சோதித்த நீரை ஒரு மூடி போட்ட கேனில் சேர்த்துப் பள்ளிக்கே கொண்டுவாருங்கள். ஆற்றில் ஊற்ற வேண்டாம்.