டிரோம்சோவில் துருவ ஒளி: ஊருக்குள்ளா, கடலோரமா, மலைக்கு அப்பாலா?

நோர்வேயின் வடக்கே இருக்கும் டிரோம்சோவுக்குத் துருவ ஒளி பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "பக்கத்தில் நல்ல இருட்டான இடம் எது?" என்றுதான். எடின்பரோவில் இருந்துகொண்டு கேட்டால் அது சரியான கேள்வி. அங்கே ஒளி வருவதே அபூர்வம். வந்தாலும் வடக்குத் தொடுவானத்தை ஒட்டி மங்கலாகத்தான் கிடக்கும், அதை நகர வெளிச்சம் சுலபமாக விழுங்கிவிடும். டிரோம்சோவில் கதையே வேறு. ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 350 கி.மீ. வடக்கே, துருவ ஒளி வளையம் (காந்தத் துருவத்தைச் சுற்றி ஒளி தோன்றும் வட்டம்) வழக்கமாக நிற்கும் பகுதிக்கு நேர் அடியில் இருக்கும் ஊர் இது. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கொந்தளிக்கிறது என்று 0 முதல் 9 வரை அளக்கும் கேபி குறியீடு 1, 2 என்று சாதுவாகக் கிடக்கும் இரவுகளிலும் ஒளி தலைக்கு மேலே வந்துவிடும். குறியீடு 6, 7 என்று ஏறினால் வளையம் தெற்கே அகன்று, இங்கிருப்பவர்கள் தெற்கு வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கேபி குறைவு என்று செயலி காட்டியதற்காக அறையிலேயே படுத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இங்கே பகை மேகம்தான். ஒளி பிறப்பது தரையிலிருந்து 100 கி.மீ.க்கும் மேலே, மேகங்கள் நிற்பதோ 10 கி.மீ.க்குக் கீழே. மேலே எவ்வளவு பெரிய ஆட்டம் நடந்தாலும் கீழே திரை விழுந்திருந்தால் ஒன்றும் தெரியாது. நோர்வேக் கடலின் ஈரக்காற்று நேராக வந்து மோதும் கரை என்பதால் திரை அடிக்கடி விழும். எனவே கீழே சொல்லும் இடங்களை எது அதிக இருட்டு என்று வரிசைப்படுத்தப் போவதில்லை. எந்தக் காற்றுக்கு எந்த இடம் திறக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஊருக்குள்: பிரெஸ்ட்வன்னெயும் டெலிகிராஃப்புக்தாவும்

ஊரின் மையம் டிரோம்சோயா என்ற தீவில் இருக்கிறது. மேற்கே க்வாலோயா என்ற பெரிய தீவு, கிழக்கே பெருநிலம், இரண்டுக்கும் பாலம் உண்டு. தீவின் முதுகில் இருக்கும் சின்ன ஏரிதான் பிரெஸ்ட்வன்னெ. மையத்திலிருந்து ஏறி நடந்தால் அரை மணி நேரம். துருவ ஒளியை ஆராய 1920களின் இறுதியில் தொடங்கப்பட்ட ஆய்வகம் இந்த ஏரிப் பக்கம்தான் இருந்தது. சுற்றி நிற்கும் பிர்ச் மரங்கள் தெரு விளக்குகளை ஓரளவு மறைக்கும், தலைக்கு மேலே வானம் விரிந்து கிடக்கும். குறை என்னவென்றால் பனி. பனி விழுந்துவிட்டால் ஊர் வெளிச்சம் தரையில் பட்டு மேலே எழும்பி, வானத்துக்கே வெளிறிய பூச்சு ஒன்றைப் போட்டுவிடும். பிரகாசமான பச்சைத் திரைச்சீலை அதையும் மீறித் தெரியும். ஆனால் அதன் கீழ் விளிம்பில் ஓடும் ஊதாவும் உச்சியில் படரும் சிவப்பும் இங்கே பாதி செத்துப்போகும்.

டெலிகிராஃப்புக்தா தீவின் தென்முனைக் கடற்கரை. கோடையில் இசைவிழா நடக்கும் இடம். தண்ணீருக்கு அப்பால் மலைகள், படம் எடுக்க அழகான பின்னணி. ஆனால் அங்கே நின்று தெற்கும் மேற்கும் பார்க்கும்போது ஊர் முதுகுக்குப் பின்னால், வடகிழக்கில் இருக்கும். ஒளி பலவீனமாக, வடக்கில் மட்டும் எழும் இரவில் ஊர் வெளிச்சத்தின் வழியாகத்தான் அதைப் பார்க்க வேண்டிவரும். ஒளி உச்சியைத் தாண்டித் தெற்கே சாயும் இரவுகளில் இதே கரை பிரெஸ்ட்வன்னெயை மிஞ்சிவிடும்.

இந்த இரண்டு இடங்களிலும் புதியவர்கள் திணறுவது ஒன்றில்தான்: வானத்தில் தெரியும் சாம்பல் பட்டை மேகமா, ஒளியா? மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் நிறம் உணரும் செல்கள் சரியாக வேலை செய்யாது. பலவீனமான துருவ ஒளி அதனால்தான் வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. போனை ஒரு வேலிக் கம்பத்தில் சாய்த்து வைத்து, இரவுப் பயன்முறையில் 3 விநாடி படம் எடுங்கள். மேகம் என்றால் சாம்பலாகவோ, தெரு விளக்கின் மஞ்சளாகவோ வரும். ஒளி என்றால் பச்சையாக வரும். பச்சை வந்த பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, இருபது நிமிடமாவது எந்தத் திரையையும் பார்க்காமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாகும், இடையில் ஒரு குறுஞ்செய்தி பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

கேபிள் காரில் ஏறிப் போகும் 421 மீட்டர் உயர ஸ்டோர்ஸ்டைனன் பற்றிச் சுருக்கமாக: அது ஊரைப் பார்க்கும் இடம். விளக்குகளின் கடலுக்கு மேலே ஒளி தொங்கும் ஒரு படம் வேண்டுமானால் போகலாம். பலத்த காற்றில் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள்.

மேற்கே: க்வாலோயா

ஊர் மையத்திலிருந்து பாலம் தாண்டி சுமார் 20 கி.மீ. போனால் எர்ஸ்ஃபியூர்பொட்ன். குறுகிய ஃபியோர்டின் (மலைகளுக்கு இடையே உள்ளே நீளும் கடல்) தலையில் ஒரு சின்னக் கிராமம், இருபுறமும் செங்குத்தான மலைகள். அவற்றில் ஸ்டோரெ புளோமான் 1,044 மீட்டர், இந்தத் தீவிலேயே உயரமானது. ஊர் வெளிச்சம் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இணையத்தில் பார்க்கும் டிரோம்சோ படங்களில் கணிசமானவை இங்கே எடுத்தவை. ஆனால் அந்த மலைகளே வானத்தைக் கத்தரித்து ஒரு துண்டு மட்டும்தான் மிச்சம் வைக்கின்றன. ஒளி உச்சிக்கு வரும் இரவில் அற்புதம். வடக்கில் தாழ்ந்தே நின்றுவிடும் இரவில், பிரெஸ்ட்வன்னெயில் நிற்பவருக்குத் தெரிவது இங்கே இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். இன்னொரு தொல்லை வண்டி நிறுத்தம். இடம் கொஞ்சம், வருகிற பேருந்துகளோ அதிகம். யாரோ ஒருவர் ஹெட்லைட்டை அணைக்காமல் நிறுத்திவிட்டு இறங்கினால் அங்கிருக்கும் அத்தனை பேரின் படமும் போச்சு. வீட்டு வாசல்களை மறித்து நிறுத்துவதால் ஊர்க்காரர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

நான் க்வாலோயா பக்கம் போவதென்றால் இன்னும் மேற்கே, சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கும் சொம்மாரோயைத்தான் தேர்வேன். வெள்ளை மணல் கரை, திறந்த கடல், நாலாபுறமும் வானம். ஒரு நிபந்தனை: காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீச வேண்டும். அப்போது மலைகளைத் தாண்டி இறங்கும் காற்று காய்ந்து, கடலோரம் பளிச்சென்று திறந்துகொள்ளும். அன்றைக்கு உள்நாடு மூடியிருந்தாலும் வியப்பில்லை. காற்று மேற்கிலிருந்து வீசினால் சொம்மாரோய்தான் முதலில் நனையும், போகவே வேண்டாம். வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் குளிர் இங்கே பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் மறைப்பில்லாத கரையில் அடிக்கும் காற்று அதை வேறு கணக்காக்கிவிடும்.

தென்கிழக்கே: ஷீபோட்னும் எல்லைக்கு அப்பாலும்

மேற்குக் காற்று வீசும் இரவுகளுக்கு விடை எதிர்ப்பக்கம், ஷீபோட்ன். ஈ8 நெடுஞ்சாலையில் சுமார் 120 கி.மீ., ஒன்றே முக்கால் மணி நேரம். லிங்கன் மலைத்தொடர் 1,800 மீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கிறது. கடல் காற்று தன் ஈரத்தையெல்லாம் அதன் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறது. பள்ளிப் புவியியலில் படித்த மழைமறைவுப் பிரதேசம்தான். டிரோம்சோவில் ஈரப்பனி கொட்டும்போது ஷீபோட்ன் பள்ளத்தாக்கில் நட்சத்திரம் தெரிவது இங்கே சாதாரணம். டிரோம்சோ பல்கலைக்கழகம் தன் வானாய்வகத்தை ஊருக்குப் பக்கத்தில் வைக்காமல் இவ்வளவு தூரம் தள்ளி வைத்ததிலேயே விஷயம் புரிந்துவிடும். (பக்கத்தில் மேல் வளிமண்டலத்தை ஆராயும் ஐஸ்கேட் அமைப்பின் பெரிய ரேடாரும் உண்டு, ஆனால் ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டல்ல, அதைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.) இன்னும் 50 கி.மீ. ஏறினால் பின்லாந்தின் கில்பிஸ்யார்வி.

இருட்டிலும் இந்தப் பக்கத்தை ஊர் நெருங்க முடியாது. விலை இரண்டு. முதலாவது குளிர்: தெளிந்த வானம் என்றால் தரை தன் வெப்பத்தை எல்லாம் வெளியே விட்டுவிடும். ஊரில் மைனஸ் 3 இருக்கும்போது இங்கே மைனஸ் 20 இருப்பது சகஜம், கேமரா பேட்டரி பேசாமல் உயிரை விடும். உபரி பேட்டரியைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். இரண்டாவது நேரம். ஒளி அதிகம் வருவது மாலை 6 மணியிலிருந்து நள்ளிரவு 1 மணி வரைக்குள். போகவர மூன்றரை மணி நேரம் சாலையில் கழிந்தால், நல்ல ஆட்டம் காரின் கூரைக்கு மேலேயே முடிந்துபோகலாம். ஊரிலேயே வானம் திறந்திருக்கும் இரவில் இவ்வளவு தூரம் ஓடுவது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது.

எப்படி முடிவெடுப்பது

மாலை 5 மணி வாக்கில் ஒய்ஆர் வானிலைச் சேவையில் டிரோம்சோ, சொம்மாரோய், ஷீபோட்ன், கில்பிஸ்யார்வி நான்கையும் வரிசையாகத் திறந்து மேக அளவைப் பாருங்கள். மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, தாழ் மேகமா உயர் மேகமா என்று பிரித்துப் பாருங்கள். உயரத்தில் நிற்கும் மெல்லிய மேகத்தின் ஊடாக நல்ல ஒளி தெரியும், தாழ் மேகத்தின் ஊடாக எதுவும் தெரியாது. நிலவைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். பௌர்ணமி மங்கலான ஒளியைக் கொஞ்சம் தின்னும், பதிலுக்கு மலைகளை வெளிச்சம் போட்டுக் காட்டும்.

அடுத்தது, சொந்தமாகக் கார் ஓட்டுவதா, மினிபஸ் பயணமா? பனிச் சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் துருவ ஒளிக்காக அந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டாம். சாலையில் உறைபனி, ஓரத்தில் எல்க் மான், வானத்தில் பச்சை: மூன்றையும் ஒருவரே கவனிக்க முடியாது. பழக்கமுள்ளவர்களுக்குக் கார் தரும் சுதந்திரம் பெரிது, குறிப்பாக க்வாலோயா பக்கம். நிறுத்துவது குறியிட்ட நிறுத்தங்களில் மட்டும். காருக்குள் இருக்க வேண்டிய ஒளிர்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். நோர்வேயில் ஓட்டுநருக்கு மது வரம்பு 0.2 புரோமில் (இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கு), ஒரு பியர் குடித்துவிட்டு ஓட்டலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை.

மினிபஸ்ஸுக்கு ஆயிரம் குரோனருக்கு மேல் ஆகும். அந்தப் பணம் ஓட்டுநரின் தீர்ப்புக்கு: எந்தப் பள்ளத்தாக்கு எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற அனுபவத்துக்கு. குளிர் உடையும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். பெரிய பேருந்துகள் ஒரே முகாமுக்குப் போய் அங்கேயே காத்திருக்கும் வகை, அவற்றில் இந்த ஆதாயம் இல்லை. முன்பதிவுக்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வானம் மூடியிருந்தால் எவ்வளவு தூரம் வரை போவீர்கள், பின்லாந்துக்குள் நுழைவீர்களா? ஆம் என்றால் பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். அன்றைக்கு ஊரிலேயே நட்சத்திரம் தெரிந்தால் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம், பிரெஸ்ட்வன்னெக்கு நடந்தே போய்விடலாம்.