தளர்ந்த ரப்பர் டிராக்: கிரீஸா, சீலா, புது டிராக்கா?

பினாங்கில் ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் போன்ற சரிவான இடங்களில் கால்வாய் தோண்டும் சிறிய எக்ஸ்கவேட்டருக்கு, சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான ரப்பர் டிராக் தளர்வது சாதாரணக் கோளாறு அன்று. சரிவில் திரும்பும்போது டிராக் முன்சக்கரத்தை விட்டுக் கழன்றால், அதைச் சேற்றில் மறுபடி ஏற்றுவதற்குள் அரை நாள் வேலை போய்விடும். கிரீஸ் அடிப்பது, டிராக்கை இறுக்கும் சிலிண்டரில் கிரீஸ் கசியாமல் தடுக்கும் வளையமான சீலை மாற்றுவது, புது டிராக் வாங்குவது ஆகிய மூன்றில் எது பொருந்தும் என்பது, தளர்வு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

கிரீஸ் அடிப்பதே மலிவானது. டிராக் சட்டத்திலுள்ள சிறு மூடியைத் திறந்து வால்வில் கிரீஸ் ஏற்றினால், உள்ளிருக்கும் சிலிண்டர் முன்சக்கரத்தை வெளியே தள்ளி டிராக்கை இறுக்கும். இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தி, நடு உருளைக்கும் டிராக்கின் உட்புறத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பல சிறு இயந்திரங்களுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் என்பார்கள், ஆனாலும் அந்தந்த இயந்திரத்தின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. மிகையாக இறுக்கினால் டிராக்கை ஓட்டும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் டிரைவ் மோட்டாரின் பேரிங்கும் விரைவில் தேயும். ஏற்றிய இறுக்கம் வாரக்கணக்கில் நின்றால் வேறு செலவு தேவையில்லை.

என் பொறுப்பிலிருந்த 3 டன் இயந்திரத்தில் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. டிராக் நீண்டுவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார் ஒரு பட்டறைக்காரர். நான் கிரீஸ் ஏற்றியபின் முன்சக்கரத்தைத் தாங்கும் நுகம் நின்ற இடத்தில் சட்டத்தின் மேல் சாக்கட்டியால் கோடு போட்டேன். மறுநாள் மாலை நுகம் அந்தக் கோட்டிலிருந்து விரலகலம் பின்வாங்கியிருந்தது, சட்டத்தின் உள்ளே சேற்றோடு கலந்த கிரீஸ் வழிந்திருந்தது. அப்படியானால் குற்றம் டிராக்கில் இல்லை. வால்வைத் துடைத்துப் பார்த்தேன், அங்கே கசிவு இல்லை. டிராக்கைக் கழற்றிச் சிலிண்டரை வெளியே எடுத்தபோது, சீலின் விளிம்பு காய்ந்து நக அளவுக்குக் கிழிந்திருந்தது. சிலிண்டரின் தண்டு வழவழப்பாக இருந்ததால் சீலை மட்டும் மாற்றினேன். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புதுச் சீலையும் அது கிழித்துவிடும் என்பதால் சிலிண்டரையே மாற்றியிருப்பேன். என் கணிப்பில், ரப்பர் நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்துக்கு இதுவே சரியான வழி. கிரீஸை வெளியேற்றும்போது வால்வின் நேரெதிரே நிற்காமல், மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல் திறக்க வேண்டும். பீறிடும் கிரீஸ் தோலைத் துளைக்கும். முன்சக்கரத்துக்குப் பின்னே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தொகுதியை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது.

நுகம் முழுவதும் முன்னே வந்த பிறகும் டிராக் தொங்கினாலோ, வெடிப்பில் எஃகு இழைகள் தெரிந்தாலோ புது டிராக்தான் வழி, ஏனெனில் இரும்புச் செயினைப் போல ரப்பரில் கண்ணியைக் கழற்றிக் குறைக்க முடியாது. 300 x 52.5 x 80 என்று எழுதியிருந்தால் அவை அகலம், கண்ணி இடைவெளி, கண்ணி எண்ணிக்கை ஆகும். மூன்றும் பொருந்த வேண்டும். எஃகு இழை இணைப்பின்றி ஒரே சுற்றாக ஓடும் டிராக்குக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையேல் புது டிராக்கின் உட்புறத்தை அவை சீக்கிரமே தின்றுவிடும்.